எத்தனை பாகம் ஆழம்

வேட்டியை மடித்துக் கட்டி, முன்முடிச்சை ஒருமுறை இழுத்து இறுக்கிக்கொண்டு, வேலப்பன் பேட்டரியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குகிறார். தூக்கியதும் கண்கள் தானாக மூடிக்கொள்கின்றன. பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் எடை, திறன், தேதி எல்லாம் அச்சடித்துத்தான் இருக்கின்றன. அதையெல்லாம் அவர் சட்டை செய்வதில்லை. "கடுதாசியில என்னத்த வேணும்னாலும் அச்சடிக்கலாம் கேட்டேளா. உள்ள ஈயம் இருக்கா இல்லியான்னு எனக்க கைக்குத் தெரியும்" என்கிறார். கைக்குத் திருப்தி வந்த பிறகுதான் கண் திறக்கும். அதற்கு முன் வாங்க வந்தவன் பேட்டரியைத் தொட்டுவிட்டால் போச்சு. "லே, அது என்ன பலாப்பழமா, தட்டிப் பாக்க? கைய எடு."

கடை விழிஞ்ஞம் ஜங்ஷனிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் ரோட்டில், ஐஸ் கம்பெனிக்கு எதிரே இருக்கிறது. விற்பனை பாதி, சார்ஜ் போடுவது பாதி. காலையில் வள்ளம் கரைக்கு வந்ததும் மீனவர்கள் பேட்டரியைத் தலையில் சுமந்து மேடேறி வருவார்கள். சாயங்காலம் கடலுக்குப் போகும்போது திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நடுவிலுள்ள நேரமெல்லாம் பத்துப் பதினைந்து பேட்டரிகள் பலகையில் வரிசையாக உட்கார்ந்து, சோறு கொதிப்பதுபோல உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டில் ஒரு படம். எழுத்துத் தெரியாதவர்களுக்காக வேலப்பனே வரைந்தது. ஒருவனுக்குத் தூண்டில், ஒருவனுக்கு நங்கூரம், ஒருவனுக்கு நண்டு. நண்டுக்கு மட்டும் அவர் ஒன்பது கால் போட்டுவிட்டார். எண்ணிப் பார்த்துச் சொன்னவர்களிடம், "கடல்ல போயி எண்ணிட்டு வாலே" என்று சொல்லி வாயை அடைத்தார். தான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொள்கிற வழக்கம் அவரிடம் அவ்வளவாகக் கிடையாது.

ஊர் இரணியல். திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. குடியிருப்பது ஸ்ரீவராகத்தில், ஒரு வீட்டின் பின்கட்டில். கிழக்கேகோட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார். அவருடைய துணிகளை மனைவி பகவதியம்மாள் வேறு துணிகளோடு சேர்த்து ஊறப்போடுவதே இல்லை. ஆசிட் தெறித்துத் தெறித்து வேட்டியெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. "இது வேட்டியா, வலையா? நாலு மீன் அகப்பட்டாலாவது கறிக்கு ஆவும்" என்பது பகவதியம்மாளின் அன்றாட அர்ச்சனை.

அந்த ஓட்டைகளை மறைக்க வேலப்பன் கண்டுபிடித்த வழி எளிது. கடையில் இருக்கும்வரை வேட்டியை மடித்தே கட்டியிருப்பார். மடித்துக் கட்டினால் துணி இரண்டாகிறது. ஒரு மடிப்பின் ஓட்டையை இன்னொரு மடிப்பு மறைத்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்தில் மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒருவர் முன்னால் நிற்பது என்றால், உன்னை நான் மதிக்கவில்லை என்று சொல்லாமல் சொல்வதாகும். மதிக்க வேண்டியவர் வந்தால் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட வேண்டும். அதற்காகவே சுவரில் ஓர் ஆணியில் வெளுத்த வேட்டி ஒன்று தொங்கும். பேட்டரிக் கம்பெனி மானேஜர் வந்தால் உள்ளே போய் அதை உடுத்து, மடிக்காமல் இறக்கிவிட்டுக்கொண்டு வருவார். கடற்புறத்துக்காரர்கள் வந்தால் மடித்த வேட்டியும் ஆட்டிக்கொண்டிருக்கும் காலும்தான். அவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அவர்களுக்கு அவர் 'பாட்டரி சார்'. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, பெட்டிமேல் இருக்கும் இங்கிலீஷை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிற மனிதர்.

அந்த இங்கிலீஷ்தான் ஆளைக் கவிழ்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில் 'டீப் சைக்கிள்' என்ற புதுவகைப் பேட்டரி கடைக்கு வந்தது. கூடவே 'மரைன்' என்றும் போட்டிருந்தது. டீப் என்றால் ஆழம், மரைன் என்றால் கடல். இதற்குமேல் ஒருவர் யோசிக்க என்ன இருக்கிறது? வேலப்பன் அன்றைக்கே ஒரு தகரப் பலகை வாங்கி, மலையாளத்திலும் தமிழிலுமாக 'ஆழக்கடல் பாட்டரி' என்று நீலப் பெயிண்டில் எழுதி மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு பேட்டரி வாங்க வருகிறவனிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பாகம்?" என்பதாகிவிட்டது. பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். கடலின் ஆழத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஐம்பது பாகம், அறுபது பாகம் என்று சொன்னவனுக்கு டீப். பத்துப் பன்னிரண்டு பாகத்தில் தொழில் செய்கிற கரைக்கடல்காரனுக்குச் சாதாரண லாரி பேட்டரி. ஆசைப்பட்டுக் கேட்டாலும் கொடுக்கமாட்டார். "முட்டளவு வெள்ளத்துல நிக்கவனுக்கு டீப்பு எதுக்குலே? சும்மா ஒரு பெரும!"

டீப்புக்குத்தான் விலை கூடுதல் என்பதால் இதில் அவருக்கு லாபம் ஒன்றும் இல்லை, நஷ்டம்தான். அதனாலேயே தன் நேர்மையைப் பற்றி அவருக்கு ஒரு மிதப்பு இருந்தது.

சேசடிமை கரைக்கடல்காரன். பன்னிரண்டு பாகத்துக்குள்ளேயே வள்ளத்தை நிறுத்தி, நாலைந்து பல்பை எரியவிட்டு, வெளிச்சத்துக்கு ஏறி வரும் கணவாய் மீனைத் தூண்டிலில் பிடிப்பவன். மணிக்கணக்காக விளக்கு எரிந்தாக வேண்டும். அவனும் டீப்தான் கேட்டான். வேலப்பன் கையை வீசிச் சிரித்து, ஒரு லாரி பேட்டரியை எடுத்துக் கண்மூடி எடை பார்த்து, ஒன்பது கால் நண்டை வரைந்து கொடுத்தனுப்பினார். மூன்றே மாதத்தில் பேட்டரி சவலைப் பிள்ளையாகிவிட்டது. காலையில் உயிரில்லாமல் வரும், சாயங்காலம் நிரம்பிப் போகும், மறுபடி உயிரில்லாமல் வரும். "நீ ராவெல்லாம் கல்யாணவீடு மாதிரி லைட்டு போட்டா அது என்ன செய்யும்லே? உனக்க கைப்பழக்கம் செரியில்ல" என்று வேலப்பன் அவனைத்தான் ஏசினார். சேசடிமை தலையைச் சொறிந்துகொண்டு போவான்.

தொண்ணூற்றொன்பதில், ஆடி மழை கொட்டும் கர்க்கடக மாதத்தில் அது நடந்தது. விடிவதற்குச் சற்றுமுன் சேசடிமையின் வள்ளத்தில் விளக்கு அத்தனையும் அணைந்துபோயின. மழை இருட்டில் கரைக்குத் திரும்பிய இன்னொரு வள்ளம் அது நிற்பதைப் பார்க்காமல் வந்து மோதியது. இரண்டு மரத்துக்கும் நடுவில் சிக்கியது சேசடிமையின் வலது கை. மூன்று விரல் போய், பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

கரையில் எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்: சார்ஜ் போட மறந்திருப்பான். அவன் மறதி ஊரறிந்தது. ஒருதடவை துடுப்பை மறந்துவிட்டுக் கடலுக்குப் போனவன். ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தவனுக்கு முந்தின நாள் சாயங்காலம் என்ன செய்தோம் என்று நினைவில்லை. ஊரே சொல்லும்போது அவனும் நம்பிவிட்டான். கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்து கேட்டார்கள்: "சாரே, சேசடிமை அன்னைக்குப் பாட்டரி சார்ஜ் போட்டானா?"

போட்டிருந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு அவன் வந்ததும், 'ஃபுல்லு' என்று சொல்லி வேலப்பனே அவன் தலையில் தூக்கி வைத்ததும், இதோ இப்போது நடப்பதுபோல அவருக்கு நினைவிருந்தது. ஆனால் போட்டான் என்று சொன்னால், பிறகு ஏன் அணைந்தது என்று அடுத்த கேள்வி வரும். பேட்டரி கெட்டது என்றோ கடை கெட்டது என்றோ ஆகும். பலகையில் நங்கூரமும் தூண்டிலுமாக வரிசையாக இருந்த பேட்டரிகளை ஒருதரம் பார்த்தார். பிறகு வேட்டி முடிச்சை இறுக்கிக்கொண்டு சொன்னார்:

"எனக்கு ஓர்மை இல்ல."

இவ்வளவுதான் சொன்னது. வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தம்பானூரில் ஒரு ஓட்டலில் பேட்டரி விற்பவர்களுக்குக் கூட்டம் நடத்தினார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு. வேலப்பன் ஆணியில் தொங்கிய வெள்ளை வேட்டியை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பேச வந்தது திவ்யலட்சுமி என்று ஒரு இளம் இன்ஜினியர். டீப் சைக்கிள் பேட்டரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதுமே வேலப்பன் எழுந்தார். நாற்பது பேருக்கு முன்னால் தனக்கும் விஷயம் தெரியும் என்று காட்டுகிற ஆசைதான். தொண்டையைச் செருமிக்கொண்டு மலையாளத்தில் கேட்டார்: "மேடம், இது எத்ர பாகம் ஆழம் வரெ தாங்ஙும்?"

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூடம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் ஒருவன், "அண்ணாச்சி பாட்டரிய கடல்ல முக்கிப் பாப்பாரு போல" என்றான். அதற்கு இன்னொரு சிரிப்பு. திவ்யலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "அங்கிள், கடலின்றெ ஆழமல்ல. பாட்டரியுடெ ஆழமாணு" என்று சொல்லிப் பலகையில் இரண்டு டம்ளர் வரைந்தாள். லாரி பேட்டரி வண்டியைக் கிளப்ப ஒரு மடக்கு கொடுக்கும். ஓட ஆரம்பித்ததும் வண்டியே அதைத் திருப்பி நிரப்பிவிடும். அதன் தகடு மெல்லியது. அதைக் கொண்டு மணிக்கணக்கில் விளக்கெரித்துத் தினம் அடிவரைக்கும் வற்றவைத்தால் தகடு உதிர்ந்துபோகும். மேலுக்கு நிரம்பியதுபோல இருக்கும், ஆனால் நிற்காது. டீப் சைக்கிள் தடித்த தகடு. அடிவரை வற்றி வற்றி நிரம்புவதற்கென்றே செய்தது. "அது கொச்சு வள்ளமோ வலிய போட்டோ, பாட்டரிக்கு அறியில்ல அங்கிள். எத்ர மணிக்கூர் லைட் கத்தும், அதே நோக்கேண்டது."

சின்ன வள்ளமா பெரிய படகா என்பது பேட்டரிக்குத் தெரியாது; எத்தனை மணிநேரம் விளக்கு எரியும், அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. பன்னிரண்டு பாகத்தில் விளக்கெரித்து உட்கார்ந்திருக்கும் கணவாய்க்காரனுக்குத்தான் எல்லாரையும்விட முதலில் டீப் வேண்டும். வேலப்பன் உட்கார்ந்தார். சிரித்தார்களே என்ற வெட்கம் அந்த நாற்காலியிலேயே வடிந்துவிட்டது. அதற்கு அடியில் வேறொரு வெட்கம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் பெரிய கணவாயைத் துண்டு போட்டு வறுத்து வைத்திருந்தார்கள். அவர் இலையை மூடிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் 'ஆழக்கடல் பாட்டரி' பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். கேட்டவர்களிடம் பெயிண்ட் மங்கிவிட்டது என்றார். பாகக் கணக்கு நின்றது, "எத்தனை மணிநேரம் லைட்டு?" என்ற கேள்வி வந்தது. ஏற்கெனவே லாரி பேட்டரி கொண்டுபோன கரைக்கடல்காரர்களைத் தேடிப் பிடித்து, புது மாடல் வந்திருக்கிறது என்று பொய் சொல்லி மாற்றிக் கொடுத்தார். எல்லாம் செய்தார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதை மட்டும் செய்யவில்லை. சேசடிமை ரோட்டில் இறங்கி வருவது தெரிந்தால் பெஞ்சுக்கு அடியில் குனிந்து ஸ்பானரைத் தேட ஆரம்பித்துவிடுவார். பல நாள் அந்த ஸ்பானர் அவர் கையிலேயே இருக்கும். பெஞ்சுக்கு அடியிலிருந்து பார்த்தால் இரண்டு விரலில் தொங்கும் துணிப்பை ஒன்று மட்டும் கடந்துபோவது தெரியும். ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதன் இப்படி ஒளிய வேண்டியிருக்கிறதே என்று அவருக்கே கூசும்.

இந்தக் கூத்து ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது.

போன மாதம் ஒரு காலையில் கடைக்கு வந்தது சேசடிமையின் மனைவி தாசம்மாள். குளச்சலிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் கரையில் உட்கார்ந்த நாளிலிருந்து மீன் வட்டிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவள். வட்டியை வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னாள்:

"சாரே, எங்க வீட்டுக்காரரு மறுபடியும் கடலுக்குப் போறாரு. எடது கையால தூண்டல் வலிச்சுப் பழகிட்டாரு. ஒரு பாட்டரி வேணும்."

வேலப்பன் ஸ்பானரைத் தேடவில்லை, தேட நேரமில்லை. எழுந்து டீப் சைக்கிள் இருக்கும் மூலைக்குப் போனார்.

"அது வேண்டாம் சாரே" என்றாள் தாசம்மாள். "அது ஆழக்கடல்காரங்களுக்குல்லா? எங்களுக்குப் பன்னெண்டு பாகம்தான். லாரி பாட்டரி போதும்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னிய. நல்ல வார்த்தை சொன்னிய. அந்த மனுசன் சார்ஜ் போட மறந்ததுக்குப் பாட்டரி என்ன செய்யும்? இனி பாட்டரி காரியம் முழுக்க நான்தான் பாப்பேன். அவரு கையில குடுக்கமாட்டேன். அவருக்கு அது ஒண்ணும் ஓர்மை நிக்காது."

கடை பெஞ்சில் பேட்டரிக்குக் காத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். வேலப்பனின் காது மடல் சூடாகிவிட்டது. லாரி பேட்டரியைக் கொடுத்தால் அந்த மனிதன் மறுபடி இருட்டில் நிற்பான். பேசாமல் டீப்பைத் தலையில் கட்டினால், சார் ஏமாற்றுகிறார் என்பாள். புது மாடல் என்று இன்னொரு பொய் சொல்லலாம். நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது.

"தாசம்மா, அது வந்து... ஸ்டார்ட்டிங் பாட்டரின்னா அதுக்க பிளேட்டு, டிஸ்சார்ஜ் ஆவும்ப..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது சாரே. நம்ம பேச்சில சொல்லுங்க."

நம்ம பேச்சில் அதைச் சொல்ல மூன்றே வார்த்தைதான் இருந்தது. "தப்பு எனக்க தப்பு" என்றார் வேலப்பன். தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. டீப் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்ததையும், தெரிந்த பிறகும் வாய்மூடி இருந்ததையும், கமிட்டிக்காரர்களிடம் சொன்ன 'ஓர்மை இல்ல'யையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

தாசம்மாள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து வட்டியின் விளிம்பைப் பிடித்தாள்.

"மூணு வருசமா நானும்லா அவர ஏசிட்டேன்" என்றாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன சாரே? அங்க வந்து சொல்லும்" என்றாள். அதுவரை 'நீங்க' என்றே அழைத்து வந்தவள் 'நீரு'க்கு இறங்கிவிட்டாள்.

வேலப்பன் கடையை அடைத்தார். திறந்த கடையைக் காலை பத்து மணிக்கு அவர் அடைத்ததை அந்த ரோடு அதுவரை பார்த்ததில்லை. டீப் சைக்கிள் பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தாசம்மாளின் பின்னால் இறங்கினார். முப்பது கிலோவுக்குக் குறையாது. கண்ணை மூடி எடை பார்க்க அன்று தோன்றவில்லை. "பாட்டரி சார் கடலுக்குப் போறாரா?" என்று ஐஸ் கம்பெனி வாசலில் ஒருவன் கேட்டான்.

வலைக் கொட்டகையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கமிட்டியிலிருந்து அன்று வந்த இரண்டு பேரில் ஒருவர் சீட்டாடிக்கொண்டிருந்தார். சேசடிமை ஓரமாக உட்கார்ந்து, நைலான் நரம்பைப் பல்லால் கடித்துப் பிடித்து, இடது கையால் தூண்டில் முள் கட்டிக்கொண்டிருந்தான். வேலப்பன் பேட்டரியை மணலில் இறக்கினார். மூச்சு வாங்கியது. கடையில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னார். இந்தத் தடவை இன்னும் குறைவான வார்த்தைகளில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

சீட்டு நின்றுவிட்டது. சேசடிமை வாயிலிருந்த நரம்பை எடுத்தான். பேட்டரியையோ தன் கையையோ அவன் பார்க்கவில்லை. ரொம்ப நாளாகத் தொலைத்துவிட்ட ஒன்றைப் பற்றி விசாரிப்பவனைப்போல மெதுவாகக் கேட்டான்:

"அப்பம், நான் அன்னைக்கு மறக்கல்லியா சாரே?"

"மறக்கல்ல" என்றார் வேலப்பன். அவனை எப்போதும் 'லே' என்றே கூப்பிடுகிறவர். "நீரு மறக்கல்ல. எனக்கு நல்ல ஓர்மை உண்டு. நாலு மணிக்கு நீரு வந்தீரு. ஃபுல்லுன்னு சொல்லி நாந்தான் தூக்கி உமக்க தலையில வச்சேன்."

சேசடிமை தாசம்மாளைப் பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் எழுந்து, இரண்டு விரலால் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு வேலப்பனுக்கு நேரே நின்றான்.

வேலப்பனின் கை வழக்கம்போல இடுப்புக்குப் போனது. முடிச்சை இறுக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கை முடிச்சை அவிழ்த்தது. மடிப்பு விழுந்து, ஆசிட் தின்ற ஓட்டைகள் அத்தனையும் வெளியே தெரிய, வேட்டி கணுக்கால் வரை இறங்கியது.